அமாவாசையன்று பொய் சொல்லாத கார்டு

மதுரையில் ஒருவருக்குப் போன் போட்டு "எங்க இருக்க?" என்று கேட்டால், "வந்துட்டேண்ணே, பக்கத்துலதான்" என்று பதில் வரும். பேசுகிற ஆள் அந்த நேரத்தில் பசுமலையில் நின்று பல் விளக்கிக்கொண்டிருப்பார். இதைப் பொய் என்று இங்கே யாரும் கணக்கில் வைப்பதில்லை. வரப்போகிறேன் என்பதை வந்துவிட்டேன் என்று சொல்வது ஒரு உபகாரம். காத்திருக்கிறவருக்கு வயிறு எரியக் கூடாதே என்கிற நல்ல மனசு.

சின்னத்தாய்க்கு அந்த நல்ல மனசு கிடையாது. "இன்னும் கிளம்பலைண்ணே. தோசை ஊத்திக்கிட்டிருக்கேன். தின்னுட்டுத்தான் வாரேன்" என்று உள்ளதைச் சொல்லிவிடுவாள். கேட்டவருக்கு முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருக்கும். பெண் பார்க்க வந்த அன்றைக்கே இந்தக் குணம் சபை ஏறிவிட்டது. "பொண்ணு சமையலெல்லாம் பழகிட்டா" என்று அவளுடைய அப்பா வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்ல, உள்ளேயிருந்து "இன்னும் பழகலப்பா, சோறு குழையுது" என்று குரல் வந்தது. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை பாண்டியராஜன் விழுந்து விழுந்து சிரித்தார். பரவை மார்க்கெட்டில் காய்கறி கமிஷன் மண்டி வைத்திருப்பவர் அவர். தட்டில் இருக்கிற தக்காளி எல்லாம் முதல் தரம் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவருக்கு இந்தப் பெண்ணைப் பிடித்துப்போனதில் அதிசயம் என்ன இருக்கிறது!

திண்டுக்கல் ரோட்டில், விளாங்குடிக்குள் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சர்வர் அறை சின்னத்தாயின் பொறுப்பு. கம்ப்யூட்டர் படிப்பு படித்து, சென்னையில் கொஞ்ச காலம் குப்பை கொட்டிவிட்டு, ஊர் ஏக்கமெல்லாம் இல்லை, வாடகை கட்டுப்படியாகாமல் திரும்பி வந்தவள். லேபில் எழுதுகிற ரிசல்ட், மருந்துக் கடையில் போடுகிற பில், வார்டில் நர்ஸ் பார்க்கிற திரை எல்லாம் அவளுடைய அறையில் இருக்கும் ஒரு சர்வரில்தான் போய் உட்காரும். வேலை ஒழுங்காக நடக்கிறவரை ஒருவருக்கும் அவள் ஞாபகம் வராது. திரை சுற்ற ஆரம்பித்தால் ஆஸ்பத்திரி முழுக்க அவள் பெயர்தான்.

அப்படித்தான் லேபின் தலைமை டெக்னீசியன் சீனியம்மாள் ஒருநாள் படியேறி வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். சீனியம்மாள் வாயைத் திறந்தால் அடுத்த தெருவில் நாய் எழுந்து உட்காரும்.

"ஏத்தா சின்னத்தாயி, நான் சொன்னா சிரிப்ப. அமாவாசைக்கு அமாவாசை இந்தச் சனியன் படுத்துக்கிருது. நானும் மாசக்கணக்கா பாத்துட்டேன். ஒரு ரிசல்ட்ட ஏத்தி டிக் வாரதுக்குள்ள அடுத்த ஆளுக்கு ரத்தமே எடுத்துரலாம்."

"அமாவாசைக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"அத நீதான் சொல்லணும். நாங்க எலுமிச்சம்பழம் கட்டியாச்சு."

உண்மைதான். சர்வர் அறைக் கதவின் மேல் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கிக்கொண்டிருந்தன. வேறு யாராவது இருந்தால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று சிரித்து அனுப்பியிருப்பார்கள். சின்னத்தாய் சிரிக்கவில்லை. சீனியம்மாள் சண்டைக்காரிதான், ஆனால் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்கிற ஆள் இல்லை. பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தாள். அக்கா சொன்னது சரி. மாதத்துக்கு ஒருமுறை, அமாவாசையை ஒட்டி, எழுதுகிற வேகம் படுத்துவிட்டு மறுநாள் எழுந்துகொள்கிறது.

பேயைப் பிடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆகவில்லை. சர்வருக்குள் டிஸ்குகளை மேய்க்கிற ஒரு கார்டு உண்டு. அந்தக் கார்டுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் மெமரி உண்டு, அதைக் கேஷ் என்பார்கள். லேபிலிருந்து ஒரு ரிசல்ட் வந்தால், கார்டு அதைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டு உடனே "எழுதிட்டேன்" என்று சொல்லிவிடும். திரையில் பச்சை டிக் விழும். உண்மையில் அது டிஸ்கில் இன்னும் எழுதியிருக்காது. பிற்பாடு, சாவகாசமாக, மடியில் சேர்ந்ததை ஒழுங்குபடுத்தி எழுதும். அசல் மதுரைக்காரக் கார்டு. இந்த வேகமெல்லாம் அப்படி வருகிற வேகம்தான்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்? கரண்டு போனால் மடியில் இருப்பது போச்சு. அதற்காகவே கார்டோடு ஒரு சின்ன பேட்டரி வைத்திருக்கிறார்கள். கரண்டு இல்லாவிட்டாலும் அந்தப் பேட்டரி மடியில் இருப்பதைச் சிந்தாமல் காப்பாற்றும். முப்பது நாளைக்கு ஒருமுறை கார்டு அந்தப் பேட்டரியைத் தானாகவே முழுக்க இறக்கி, மறுபடி ஏற்றி, நல்லபடி இருக்கிறதா என்று சோதிக்கும். சோதிக்கிற நேரத்தில் காவல் இல்லை. ஆகவே கார்டும் யோக்கியமாகிவிடும். டிஸ்கில் எழுதி முடித்த பிறகுதான் "எழுதிட்டேன்" என்று சொல்லும். சோதனைக்கு முதன்முதலில் நாள் குறித்தவர் யாரோ, அது அமாவாசையில் போய் விழுந்திருக்கிறது.

"அப்ப என்னத்த சொல்ல வார?" என்றார் சீனியம்மாள்.

"அமாவாசை அன்னைக்கு மட்டும் அது பொய் சொல்றதில்லக்கா. அதான் ஸ்லோ."

சோதனையைக் கூட்டமில்லாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மாற்றிவைத்தாள். பேய் ஓடிவிட்டது. சீனியம்மாள் எலுமிச்சம்பழத்துக்கே நன்றி சொல்லிக்கொண்டார். சின்னத்தாய் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை. வேலை நடந்தால் சரி, பேர் எலுமிச்சைக்குப் போனால் என்ன என்று இருந்துவிட்டாள். எனக்கென்றால் மனசு ஆறியிருக்காது.

ஆனால் பேட்டரிக்கும் வயசாகும். அடுத்த கோடையில் அது சோதனையிலேயே தோற்று, செத்தேபோனது. கார்டு முழுநேர யோக்கியன் ஆகிவிட்டது. பழைய மாடல் என்பதால் புதுப் பேட்டரி வெளியூரிலிருந்து வரவேண்டியிருந்தது. வந்தபாடில்லை. இதற்கு நடுவில்தான் ஆஸ்பத்திரி ஒரு பெரிய முகாமை அறிவித்திருந்தது. சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் எல்லாம் இலவசப் பரிசோதனை, ரிசல்ட் உடனுக்குடன் கையில். ஆட்டோவில் மைக் கட்டி பரவை வரைக்கும் சொல்லியாயிற்று.

நிர்வாக அதிகாரி வெங்கட்ரமணன் அவளைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் அல்ல. சேர்மனிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத் தூக்கம் வராமல் தவிக்கிறவர். பக்கத்தில், சர்வர் பராமரிப்பை ஒப்பந்தத்தில் எடுக்கக் காத்திருக்கிற கம்பெனியின் இன்ஜினீயர் பத்ரி உட்கார்ந்திருந்தான்.

"மேடம், பேட்டரி இல்லாட்டியும் எழுதிட்டேன்னு சொல்லச் சொல்லி கார்டுல ஒரு செட்டிங் இருக்கு. அதப் போட்டா பழைய வேகம் வந்துரும்" என்றான் பத்ரி.

"இருக்கு. தெரியும். போட மாட்டேன்."

"அதான் யூபிஎஸ் இருக்கே சின்னத்தாய்?" என்றார் வெங்கட்ரமணன்.

"யூபிஎஸ் வெளிக்கரண்டுக்குத்தான் சார் காவல். யூபிஎஸ்ஸே படுத்தா? சர்வரோட பவர் சப்ளை போனா? டிக் பாத்துட்டு நர்சு மருந்து குடுக்குறாக சார். எழுதாதத எழுதினேன்னு சொல்ற மிஷின நான் வார்டுக்குள்ள விட மாட்டேன்."

"அப்போ முகாமுக்கு என்ன வழி?"

வழியில்லாமல் வாய் பேசுகிறவள் அல்ல சின்னத்தாய். வாங்கிவைத்திருந்த எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க் ஒன்றைக் கார்டோடு சேர்த்து, திரும்பத் திரும்பப் படிக்கிற பழைய ரிப்போர்ட்டுகளை அதிலிருந்து எடுத்துக்கொடுக்கிற மாதிரி செய்தாள். அது படிக்க மட்டும், அதில் ஒன்றும் தொலைய வழியில்லை. ஸ்கேன் படங்களை இன்னொரு பெட்டிக்கு நகர்த்தினாள். படிக்கிற சுமை குறைந்ததும் டிஸ்குகள் எழுதுகிற வேலையைக் கொஞ்சம் நிம்மதியாகப் பார்த்தன.

"பாதிக் கஷ்டம் குறையும் சார். மீதி இருக்கும். வரிசை நீளமாத்தான் நிக்கும்" என்று வெங்கட்ரமணனிடம் சொன்னாள்.

முக்கால்வாசி சரியாகிவிட்டது என்று ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருந்தால் அவர் மனசு குளிர்ந்திருக்கும். அவள் சொல்லவில்லை. "முகாம் சொதப்பினா சர்வரை பத்ரி கம்பெனிக்கே கொடுத்துடுவேன். அப்புறம் உங்களுக்கு இங்கே என்ன வேலைன்னு எனக்குத் தெரியலை" என்றார் அவர். சின்னத்தாய்க்குச் சுருக்கென்றது. மகள் அஸ்வினி கல்லூரியில் சேரப்போகிற வருஷம் அது. ஆனாலும் அந்தச் செட்டிங் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை.

முகாம் அன்று காலை ஆஸ்பத்திரி வாசலில் பந்தல். பதிவு செய்கிற கம்ப்யூட்டர்களைப் பந்தலில் பொருத்திக்கொண்டிருந்தாள் சின்னத்தாய். கூட்டம் எள் போட்டால் எள் விழாது. அப்போது லேபிலிருந்து ஒரு தட்டில் வடை வந்தது. சீனியம்மாள் கொடுத்தனுப்பியதாம். பின்னாலேயே போனும் வந்தது.

"ஆத்தாடி, என்னமா ஓடுது! தட்டின உடனே டிக்கு விழுது. என்ன மாயம் பண்ண?"

எல்லோரும் சந்தோஷப்பட்ட அந்த நிமிடத்தில் சின்னத்தாய் ஒருத்திக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. தான் ஒன்றும் செய்யவில்லையே, பின்னே ஏன் இவ்வளவு வேகம்? வடையை அப்படியே வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள். பாதிப் படியில் ஆஸ்பத்திரியின் ஒரு பக்கம் முழுக்க 'பொட்'டென்று அடங்கியது. விசிறி ஓடியது, விளக்கு எரிந்தது, கம்ப்யூட்டர்கள் மட்டும் இருண்டன.

காரணம் பிறகு தெரிந்தது. காபி ஸ்டால் போட்டவர், பெரிய பாய்லரின் பிளக்கை வராந்தாவில் இருந்த சிவப்பு சாக்கெட்டில் செருகியிருக்கிறார். அது யூபிஎஸ் லைன். சுமை தாங்காமல் யூபிஎஸ் கை விரித்துவிட்டது. நூறு பேருக்குக் காபி போட நினைத்தவரை என்னவென்று திட்ட!

சர்வர் அறையில் பத்ரி பேயறைந்த மாதிரி நின்றிருந்தான். வெங்கட்ரமணனும் வந்துவிட்டார். அவர் சொல்லித்தான் காலையில் பத்ரி அந்தச் செட்டிங்கைப் போட்டிருந்தான். பாய்லரைப் பிடுங்கி, சர்வரை மறுபடி கிளப்பியபோது, திரையில் கார்டின் எச்சரிக்கை வந்தது. கேஷில் இருந்த தகவல் தொலைந்துபோனது என்று அது உள்ளதைச் சொல்லிவிட்டது. அதைத் தாண்டி டேட்டாபேஸும் எழுந்துகொண்டது. லேபில் திரைகள் வழக்கம்போல வெளிச்சமாயின.

"வந்துடுத்தே! எல்லாம் சரியா இருக்கே" என்றார் வெங்கட்ரமணன். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இல்ல சார். கடைசியா ஏத்தினது எதெது போச்சுன்னு தெரியாது. லேப நிறுத்தி ஒவ்வொன்னா சரிபாக்கணும். வார்டுக்கும் சொல்லணும்."

"வாசல்ல இவ்வளவு ஜனம். லேபை நிறுத்தினா நாளைக்கு ஊரே சிரிக்கும். ரெண்டு மூணு என்ட்ரிதானே போயிருக்கும்? விட்டுப்போனதைச் சாயங்காலம் பார்க்கலாம். சொன்னா கேளுங்கோ, உங்க வேலையும் நிலைக்கும்."

சின்னத்தாய் அறையில் இருந்த இன்டர்காமை எடுத்து எல்லா வார்டுக்கும் சேர்த்துப் பேசினாள். கொஞ்ச நேரம் முன்னால் திரையில் பார்த்த எந்த ரிசல்ட்டையும் நம்ப வேண்டாம், லேபில் கேட்காமல் ஒரு மருந்தும் கொடுக்க வேண்டாம், தவறு சர்வர் பக்கம் என்று சொன்னாள். வெங்கட்ரமணன் பக்கம் என்றோ பத்ரி பக்கம் என்றோ சொல்லவில்லை. பிறகு லேபுக்கு ஓடினாள்.

"அதெல்லாம் பச்ச டிக்கு விழுந்துச்சு, என் கண்ணால பாத்தேன்" என்றார் சீனியம்மாள்.

"அந்த டிக்கு பொய்க்கா. மிஷின்ல இருக்கிற ரிசல்ட்டயும் திரையில இருக்கிறதயும் வச்சு ஒப்பிட்டுப் பாருங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

சீனியம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. முகம் வெளிறியது.

வார்டில் சோலையம்மாள் என்று ஒரு பெண் காலில் ஆறாத புண்ணோடு படுத்திருந்தார். பரவை மார்க்கெட்டில் கத்திரிக்காய் விற்கிறவர். காலையில் அவருடைய ரத்தம் பிடித்த டியூபிலும் இன்னொருவர் டியூபிலும் ஸ்டிக்கர் மாறிப்போய், சோலையம்மாளுக்கு எக்கச்சக்கச் சர்க்கரை என்று ஏறிவிட்டது. சீனியம்மாள் அதைக் கண்டுபிடித்துத் திருத்தினார். உண்மையில் சோலையம்மாளுக்குச் சர்க்கரை அபாயமான அளவுக்குக் குறைந்திருந்தது. திருத்தியதற்கு டிக் விழுந்தது. இப்போது திரையில் திருத்தம் இல்லை. பழைய எக்கச்சக்கம்தான் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்து இன்சுலின் போட்டால், இறங்கிக் கிடக்கிற சர்க்கரை இன்னும் இறங்கும். ஆள் மிஞ்சாது.

சீனியம்மாள் வார்டுக்குப் போன் போட்டார். வார்டில் அந்த நேரம் இருந்தது செல்லக்கிளி என்கிற நர்ஸ். நோயாளியின் கட்டில் பக்கம் இருந்ததால் அவளுக்கு இன்டர்காம் அறிவிப்பு சரியாகக் கேட்கவில்லை.

"செல்லக்கிளி, அந்தச் சோலையம்மாளுக்கு இன்சுலின் ஊசி போட்டியா?"

"போட்டாச்சுக்கா" என்றாள் செல்லக்கிளி. சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சீனியம்மாள் கையில் ரிசீவர் தொங்கியது. சின்னத்தாய் காத்திருக்கவில்லை. குளுக்கோஸ் கொடுக்க டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்திக்கொண்டே, முகாம் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வார்டுக்கு ஓடினாள். வழியெல்லாம் அவளுக்கு வேறு நினைப்பில்லை. எலுமிச்சம்பழம் கட்டிய கதவைக்கூட மனசுக்குள் கும்பிட்டதாகப் பிற்பாடு பாண்டியராஜனிடம் சொல்லியிருக்கிறாள்.

வார்டுக்குள் நுழைந்தபோது செல்லக்கிளி மருந்தை ஊசியில் ஏற்றி, உயர்த்திப் பிடித்துக் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தாள்.

"போட்டாச்சுன்னு சொன்னியேடீ!"

"இந்தா போடப் போறேன்ல, அதத்தான் சொன்னேன். ஏன்க்கா இப்பிடி மூச்சு வாங்குது?"

சின்னத்தாய் அந்த ஊசியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாழ்நாள் முழுக்க எந்தப் பேச்சை அவள் வெறுத்தாளோ, அந்தப் பேச்சுக்காரி ஒருத்தி அன்றைக்குச் செய்ததாகச் சொன்னதைச் செய்யாமல் இருந்தாள். பின்னாலேயே வந்த டாக்டர் சோலையம்மாளின் விரலில் குத்திச் சோதித்தார். லேபில் சொன்னது சரி. சர்க்கரை கீழே கிடந்தது. உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

வெங்கட்ரமணனும் வந்து வார்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். நேராகப் பந்தலுக்குப் போனார். மைக்கை வாங்கி, தன்னுடைய தவறான முடிவால் பரிசோதனைகள் தாமதமாகும், மன்னிக்க வேண்டும் என்று கூட்டத்திடம் தாமே சொன்னார். கூட்டம் முணுமுணுத்தது. சிலர் எழுந்து போனார்கள். அந்த மனிதரையும் அதற்காக மெச்சத்தான் வேண்டும். மைக் கையில் இருக்கும்போது உண்மை பேசுவது எல்லோருக்கும் வருவதில்லை. மாடியில் பத்ரியே அந்தச் செட்டிங்கை எடுத்துவிட்டான். லேப் மறுபடி பழைய மந்தத்தில், உள்ளது உள்ளபடி ஓடத் தொடங்கியது. புதுப் பேட்டரி வரும்வரை அப்படியே ஓடியது. சின்னத்தாயின் நாற்காலியைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை.

அன்று மத்தியானம், விடுபட்ட என்ட்ரிகளெல்லாம் ஏறியதா என்று வார்டுத் திரையில் பார்க்கப் போனாள் சின்னத்தாய். சோலையம்மாள் தலையணையில் சாய்ந்து தெளிவாக உட்கார்ந்திருந்தார். காலையில் அரைத் தூக்கத்தில் கிடந்தவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. முகத்தில் கோபம்.

"ஏம்மா, இந்தக் கம்ப்யூட்டருக்குப் பொறுப்பு நீதானாம்ல?"

"ஆமாத்தா."

"என்னத்த பொறுப்பு பாக்குற? எனக்குப் போட வேண்டிய ஊசி ஒன் கம்ப்யூட்டர் நின்னதுல போடாமயே கெடக்குதாம். வைத்தியம் பாக்க வந்தா இம்புட்டு அசட்டையாவா இருப்பீக? ஒரு உசுருன்னா ஒங்களுக்கு அம்புட்டு லேசாப் போச்சா?"

செல்லக்கிளி குறுக்கே பேச வாயெடுத்தாள். சின்னத்தாய் கண்ணாலேயே அவளை அடக்கினாள். கமிஷன் மண்டிக்காரப் புருஷனையே எதிர்த்துப் பேசுகிற வாய் அன்று ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. கட்டில் பக்கத்தில் நின்று முழுவசவையும் கேட்டுக்கொண்டாள். சோலையம்மாளுக்கு மூச்சு நன்றாக இருந்தது, வசவு நீண்டுகொண்டே போனது. போகட்டும், போகட்டும் என்று சின்னத்தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது.

"தப்புத்தான் ஆத்தா" என்றாள். "இன்னும் ரெண்டு வார்த்த திட்டுங்க."